பன்றி வளர்ப்பில் எடையும் தரமும்

நம் நாட்டில் பன்றி வளர்ப்பு பெரும்பாலும் சிறு விவசாயிகள், பழங்குடி மக்கள், நிலமற்றோர் ஆகியோரின் துணைத் தொழிலாகும். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த பன்றிகள் சுமார் 90 இலட்சம். இது 2012-ஆம் ஆண்டைவிட 12 சதவீதம் குறைவு. 2020-இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தோன்றிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இழப்பை மேலும் பெருக்கியது. மந்தைகளை மீண்டும் பெருக்குகையில் எவ்வினத்தைத் தேர்வது என்னும் வினா எழுகிறது. விரைவில் எடை கூடும் இனமே சிறந்தது என்பது பரவலான கருத்து. ஆயினும் இறைச்சியின் தரத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது தசையின் இயல்பேயாகும்.

தசையின் இயல்பு

பன்றி வெட்டப்பட்டபின் தசையிலுள்ள கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாகிறது. சுமார் 7 ஆக இருந்த பி.எச். அளவு ஒரு நாளைக்குள் 5.5 அளவுக்குப் படிப்படியாக இறங்குவது முறை. உடற்சூடு தணியுமுன் அது விரைந்து இறங்கினால் புரதம் சிதையும். இறைச்சி வெளிறித் தளர்ந்து நீர் கசியும். பெல்ஜியத்தின் பியெட்ரெயின் இனத்தில் இக்குறை மிகுந்திருந்தது. இதற்கான மரபணு மாற்றம் 1991-இல் கண்டறியப்பட்டது. ஹாம்ப்ஷயர் இனத்தின் குறை வேறு. அதன் தசையில் கிளைக்கோஜனை மிகச்செய்யும் மரபணு மாற்றம் காணப்படுகிறது. அதனால் அமிலத்தன்மை கூடி, சமைக்கையில் இறைச்சியின் எடை குறைகிறது. டூராக் இனத்திலோ தசையினூடே கொழுப்பு பரவி, மென்மையும் சுவையும் தருகிறது.

நம் இனங்கள்

வட வங்கத்தின் குங்ரூ, மேகாலயாவின் நியாங் மேகா, நாகாலாந்தின் தென்யி வோ ஆகியவை சமையற் கழிவையும் கீரை கிழங்குகளையும் உண்டு வளர்பவை. இவற்றின் கொழுப்பு மிகுந்த இறைச்சியை வடகிழக்கு மக்கள் விரும்பி வாங்குகின்றனர். குவாஹாட்டியை அடுத்த ராணியிலுள்ள தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம், ஹாம்ப்ஷயரையும் குங்ரூவையும் இணைத்து ‘ராணி’ என்னும் கலப்பினத்தை உருவாக்கியுள்ளது. வளர்ச்சி வேகத்தையும் உள்நாட்டு இனத்தின் தாங்குதிறனையும் ஒருங்கே பெறுவது இத்தகைய கலப்பின் நோக்கமாகும்.

செய்யத்தக்கவை

கலப்பினப் பெருக்கத்திற்குத் தேர்ந்தெடுக்கும் ஆண் பன்றிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்துதல் நன்று. நெடுந்தூரம் ஏற்றிவரப்படும் பன்றிகள் களைத்துக் கிளைக்கோஜனை இழப்பதால் இறைச்சி கறுத்து விரைவில் கெடுகிறது; வெட்டுமுன் ஓய்வும் நீரும் அளித்தால் இதைக் குறைக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, எடைக்கு மட்டுமே விலை தரும் சந்தையில் தரத்தைப் பேணும் விவசாயிக்கு ஊதியமில்லை. தரத்திற்கேற்ற விலை கிடைக்கும்போதுதான் நம் இனங்களைக் காப்பது அவருக்கு ஆதாயமான தொழிலாகும்.