தினமும் என்ன போடுவது?

"தினமும் என்னண்ணே போடுறது?" என்று கேட்டான் தம்பி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய அரிசியை விவசாயிகளிடம் வாங்கி, கல் நீக்கி, ஒரு கிலோ, ஐந்து கிலோ பைகளாகக் கட்டிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கொரியரில் அனுப்புகிறான். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, பூங்கார், கருப்புக் கவுனி. இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் பக்கம் வைத்திருக்கிறான். வாட்ஸ்அப் பிசினஸும் உண்டு. மூன்றிலும் ஒரே படம்தான்: அரிசிப் பை, கீழே விலை, அதற்கும் கீழே போன் நம்பர். டீ வந்தது, பேச ஆரம்பித்தோம். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஊறுகாய் போடுகிறவர், சேலை விற்கிறவர், நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர் எல்லாரும் இதே கேள்வியில்தான் நிற்கிறார்கள்.

ஒரு குடும்பம் அரிசி வாங்குவது மாதத்துக்கு ஒரு முறை. அந்த ஒரு நாளைக்கு விலைப் படம் போதும். மற்ற நாட்களில் உன் பக்கத்தை அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்? இதற்குப் பதில் நம் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. மளிகைக் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள், விரத நாள் எதையும் அவர் கணிக்கவில்லை. வேறு யாரோ கணித்ததை நமக்குத் தேவைப்படும் விதத்தில் ஒரு தாளில் சேர்த்து, மேலே கடைப் பேரைப் போட்டுத் தந்தார். வருஷம் முழுக்க அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டே தாளைக் கிழித்தோம். கன்டென்ட் கியூரேஷன் என்று இன்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். வெளியே ஏற்கெனவே இருக்கும் நல்ல விஷயங்களில் உன் வாடிக்கையாளருக்கு ஆகிறதைத் தேர்ந்தெடுத்து, எங்கிருந்து எடுத்தாய் என்று சொல்லி, உன் சொல் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது.

பெரிய கம்பெனிகள் இதை நூற்றாண்டுக்கு முன்பே செய்திருக்கின்றன. பிரான்சில் டயர் செய்த மிஷ்லின் சகோதரர்கள் 1900இல் ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். பெட்ரோல் எங்கே கிடைக்கும், வண்டியைப் பழுதுபார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், எங்கே தங்கலாம், டயரை எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் அதில் சேர்த்தார்கள். அப்போது அந்த நாட்டில் மொத்தமே சில ஆயிரம் கார்கள்தான் ஓடின. ஜனங்கள் தைரியமாக வெளியூர் போனால் டயர் தேயும், தேய்ந்தால் வாங்குவார்கள் என்பது கணக்கு. 1920 வரை அதை இலவசமாகவே கொடுத்தார்கள். ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற, உலகமே பேசுகிற மிஷ்லின் கைடு அங்கிருந்து வந்ததுதான்.

"சரிண்ணே, அரிசிக்கு என்னத்தச் சேக்கிறது?"

நீ இருப்பது காவிரியின் கடைமடை. உனக்கு விஷயப் பஞ்சமே வராது. குறுவைச் சாகுபடிக்கு மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12 என்று வழக்கம். அணையின் முழு மட்டம் 120 அடி. அன்றன்றைய நீர்மட்டம் செய்தியில் வந்துகொண்டே இருக்கும். பெங்களூரில் அடுக்குமாடியில் இருக்கும் டெல்டாக்காரருக்கு அந்த ஒரு எண் போதும், மனசு ஊருக்குப் போய்விடும். ஆனால் செய்தியை அப்படியே தள்ளிவிடாதே. 'அணை திறந்தாச்சு. தண்ணி கல்லணைக்கு வந்து, பிரிஞ்சு, எங்க வாய்க்காலத் தொட இன்னும் நாளாகும். வந்ததும் படம் போடுறேன்' என்று உன் பேச்சில் இரண்டு வரி எழுது. செய்தி எல்லோரிடமும் இருக்கிறது. அந்த இரண்டு வரி உன்னிடம் மட்டும்தான் கிடைக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று படத்தைப் போட மறக்காதே, அதற்குக் காத்திருப்பார்கள்.

அடுத்தது சமையல். பாரம்பரிய அரிசி வாங்கியவர் அதைக் கைவிடுவதற்குப் பெரிய காரணம் விலை என்று எனக்குத் தோன்றவில்லை. சமைக்கத் தெரியாததுதான் காரணம். கருப்புக் கவுனியை இரவே ஊறவைக்காமல் குக்கரில் போட்டுவிட்டு, 'வேகவே இல்லை' என்று அடுத்த தடவை பொன்னிக்குப் போய்விடுகிறார்கள். கவுனியரிசி இனிப்பு செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியின் பண்டம்; அதை நன்றாகச் செய்துகாட்டுகிற ஆச்சிமார்கள் யூடியூபில் இருக்கிறார்கள். அதில் எது உன் அரிசிக்குச் சரியாக வருகிறது என்று வீட்டில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, அந்த வீடியோவின் சுட்டியைப் பகிர். 'இவங்க சொன்ன தண்ணி அளவு நம்ம அரிசிக்குப் பத்தல, அரை டம்ளர் கூட்டுங்க' என்று எழுது. பத்து வீடியோவைப் பார்த்து ஒன்றைக் கொடுப்பதுதான் நீ செய்கிற வேலை. பத்தையும் அனுப்பிவிட்டால் அவர்களுடைய வேலை கூடுகிறது.

பிறகு, இந்த விதைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வாரின் வழியில் நடந்த நெல் ஜெயராமன் உங்கள் ஊர்ப் பக்கத்து ஆதிரெங்கத்தில்தான் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிற விவசாயி அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் அவர் முயற்சியில் மறுபடி வயலுக்கு வந்தன. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். உன் பையில் இருக்கிற அரிசி யார் யார் கை மாறி வந்தது என்பதை வாங்குபவர் அறிய வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். வியாபாரத்துக்கு ஆகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

எடுத்ததற்குப் பேர் சொல்வது பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நம்மிடம் இதற்கு மிகப் பழைய முன்மாதிரி இருக்கிறது. சங்கப் பாட்டுகளைத் தொகுத்து வைத்தார்கள். குறுந்தொகைக்கு நான்கடி முதல் எட்டடிவரை உள்ள பாட்டுகள் என்று ஓர் அளவு வைத்து எடுத்தார்கள். தொகுத்தவர் பூரிக்கோ என்று பேர் நிற்கிறது. பாடியவர் பேர் தெரியாத இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பேராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்தவர்கள். ஆள் தெரியாவிட்டாலும் பாட்டு இன்னொருவருடையது என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. நாமோ கீழேயே பேர் எழுதியிருக்கிற வீடியோவை இறக்கி, பேரை வெட்டி, நம் லோகோவை ஒட்டி ஏற்றுகிறோம்.

அது நியாயமில்லை என்பது ஒரு பக்கம். அதனால் பலனும் இல்லை. அடுத்தவர் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிற பக்கங்களைப் பரிந்துரைப்பதில்லை என்றும், முதலில் போட்டவருடையதையே முன்னால் காட்டுவோம் என்றும் இன்ஸ்டாகிராம் 2024 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. சட்டப்படியும், ஒரு படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்குத்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கும் பொருந்தும். அதனால் ஷேர் பட்டனை அழுத்தியே பகிர்ந்துகொள். பேர் தானாகவே கூட வரும். உன் அரிசியில் சமைத்து வாடிக்கையாளர் படம் அனுப்பினால், 'அக்கா, இதை நம்ம பக்கத்துல போட்டுக்கலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடு. பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள். வியாபார வீடியோவுக்குப் பின்னால் சினிமாப் பாட்டு வைப்பதையும் விட்டுவிடு, அதற்கும் உரிமைக்காரர் இருக்கிறார்.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். தம்பியின் போனைத் திறந்தால் ஃபார்வேர்டுகளில் பாதி இந்த வகை: 'கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும்', 'மாப்பிள்ளைச் சம்பா புற்றுநோயைத் தடுக்கும்', 'பூங்கார் சாப்பிட்டால் சுகப்பிரசவம்'. அவன் இரண்டு மூன்றைப் பகிர்ந்தும் இருந்தான். "அதுக்குத்தாண்ணே ஆர்டர் வருது" என்றான். வரும். பயத்தில் இருக்கிற ஒருவர் எதையும் வாங்குவார். நாற்பது வயதில் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட ஒருவர் உன் போஸ்டை நம்பி, மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கவுனிச் சோறு சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசி. அதுவும் அரிசிதான், மாவுச்சத்து அதிலும் உண்டு.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. 'நான் எழுதல, ஃபார்வேர்டு பண்ணினேன்' என்று சொல்லித் தப்ப முடியும் என்று எண்ணாதே. அரிசி விற்கிறவன் தன் கடைப் பக்கத்தில் பகிர்ந்தால் அது அவன் பேச்சுதான்.

அப்படியானால் எதைச் சொல்லலாம்? தெரிந்ததைச் சொல். கவுனியின் கருநிறம் அந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது. தீட்டாத அரிசியில் தவிடு இருக்கிறது, தவிட்டில் நார்ச்சத்து இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்காகத் தமிழிலேயே இணையத்தில் நிறைய விஷயங்களைப் போட்டு வைத்திருக்கிறது. அங்கிருந்து எடுத்துப் பேர் சொல்லிப் பகிர். 'சர்க்கரை உள்ளவங்க எவ்வளவு சாப்பிடலாம்னு உங்க டாக்டரக் கேட்டுக்குங்க' என்று ஒரு வரி சேர். இதைப் போடுகிற மாதம் இரண்டு ஆர்டர் குறையலாம். ஆனால் அந்த வரியைப் படித்தவர் நீ சொல்கிற மற்றதை நம்புவார். எதைப் பகிராமல் விடுகிறாய் என்பதை வைத்துத்தான் உன்னை எடை போடுவார்கள்.

இன்னொன்று. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாம் வாடகை இடம். நண்பர்கள், உறவினர்கள் போடுவதை முன்னால் காட்டப் போகிறோம் என்று ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் அறிவித்தபோது கடைப் பக்கங்கள் பின்னால் போயின. 2020 ஜூன் 29 அன்று அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கில் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்திருந்த நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சில நாட்களில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அதனால் இன்ஸ்டாகிராமில் பார்க்கிறவரை வாட்ஸ்அப்புக்கு அழைத்து வா. அங்கே பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உன் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். பையின் மேலேயே 'இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், எந்த அரிசியை எவ்வளவு ஊறவைப்பது என்று அனுப்புகிறோம்' என்று அச்சடித்துவிடு. வாடிக்கையாளர் பேரும் நம்பரும் ஒரு நோட்டிலும் இருக்கட்டும், அவர்கள் கேட்காததை அனுப்பித் தொந்தரவும் செய்யாதே.

லைக் எண்ணிக்கையைப் பார்த்துச் சோர்ந்துபோகாதே என்று மட்டும் சொல்லி அதை விடுகிறேன். ஆர்டர் போடுகிறவரிடம் 'எங்க பாத்தீங்க?' என்று கேட்டு, பதிலைப் பேருக்குப் பக்கத்தில் குறித்துவை. எதைப் போட்டபோது திரும்ப வாங்கினார்கள் என்பதை அந்த நோட்டே காட்டும்.

"அப்ப தினமும் போட வேணாமா?" என்றான், இரண்டாவது டீயும் முடிந்திருந்தது. வேண்டாம். வாரத்துக்கு மூன்று போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வேளாண் பல்கலைக்கழகப் பக்கம், டெல்டாச் செய்திகள், நீ நம்புகிற நான்கைந்து சமையல்காரர்கள் என்று ஒரு சுற்றுப் பார். மூன்றைப் பொறுக்கி, உன் வரிகளை எழுதி வைத்துக்கொள். திங்களன்று வயல் அல்லது அணைச் செய்தி, புதனன்று சமையல், வெள்ளியன்று வாடிக்கையாளர் அனுப்பிய படம். விலைப் படம் மாதத்தின் முதல் வாரம், சம்பளம் வந்த கையோடு. இந்த ஞாயிறே, ஏற்கெனவே போட்ட அந்தப் புற்றுநோய் ஃபார்வேர்டுகளை முதலில் எடுத்துவிட்டு ஆரம்பி.