கூவிய பெட்டியின் காது

கல்யாணத்திலும் அம்மன் திருவிழாவிலும் குழாய் ஸ்பீக்கரை அலறவிட்ட பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இரண்டு வேலைகள் தனித்தனியாக நடந்திருப்பது தெரியும். பின்பக்கம் இரண்டு கையாலும் தூக்கவேண்டிய டிரான்ஸ்ஃபார்மர்கள், அவற்றை ஒட்டி இரண்டு பெரிய பவர் வால்வுகள். முன்பக்கம், மைக் சொருகும் துளைக்கு நேர் பின்னால், ஒரு தகரக் கூட்டுக்குள் விரல் பருமனில் ஒற்றை வால்வு. ஊரை எழுப்பியது பின்னால் இருக்கும் ஜோடி. மைக்கில் பேசியதை முதலில் கேட்டது முன்னால் இருக்கும் இந்தச் சின்ன வால்வு.

ஊரை எழுப்ப இன்று வால்வு தேவையில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு எடைகூட இல்லாத பெட்டிகள் அதைவிட உரக்கக் கூவும். ஆனால் கேட்கிற வேலையில் அந்தச் சின்ன வால்வுக்கு இன்னும் வயதாகவில்லை. ஓசூர், அத்திப்பள்ளி வட்டாரத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர்கள் கைவிட்ட பெட்டிகள் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. அப்படி ஒன்று பெங்களூரின் கோடியில் இருக்கும் ஹெப்பகோடியில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பின்பாதியைப் பிரித்து வைத்துவிட்டு, முன்பாதியை மட்டும் வீட்டில் பாட்டும் பேச்சும் பதிவுசெய்வதற்காக, மைக்கின் மெல்லிய ஒலியை முதலில் உயர்த்தித் தரும் பிரீஆம்ப்பாக மாற்றியிருக்கிறேன். இப்படிச் செய்பவர்கள் உலகெங்கும் உண்டு. 1950களின் ஆம்பெக்ஸ் 351 டேப் ரெக்கார்டரிலிருந்து மின்சுற்றை மட்டும் உருவி எடுத்து, இன்றும் ஸ்டுடியோக்களில் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். ஜெர்மன் வானொலி நிலையங்களுக்காகச் செய்யப்பட்ட வி72 என்ற வால்வுப் பெட்டியைத் தேடி அலைபவர்களும் இருக்கிறார்கள்.

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் சொந்த உரிமை ஒன்று உண்டு. 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் (பிஇஎல்), நகரின் வடமேற்கே ஜாலஹள்ளியில் 1961இல் ரேடியோ வால்வுகள் செய்ய ஆரம்பித்தது. மறு ஆண்டே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களுக்கும் அங்கே வேலை தொடங்கிவிட்டது. வால்வும் அதை ஓய்வுக்கு அனுப்பப்போகிற டிரான்சிஸ்டரும் ஓராண்டு இடைவெளியில் ஒரே நிறுவனத்தில் உற்பத்திக்கு வந்தன. நகரின் இந்தக் கோடியில், ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியை ஆர்.கே. பாலிகா தலைமையில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் அமைக்க ஆரம்பித்தது 1970களின் பிற்பாதியில்தான். நாட்டில் லட்சக்கணக்கான வீட்டு ரேடியோக்களும் மைக் செட்டுகளும் பாடிப் பேசிய காலத்தில், அவற்றின் கண்ணாடிக் குழல்கள் பலவற்றில் பிஇஎல் என்ற எழுத்து இருந்தது. என் பெட்டியின் வால்விலும் அது இருக்கிறது. விரலால் தேய்த்தால் அழிந்துவிடும் மங்கிய எழுத்து.

அதன் கீழே ஈசிசி83 என்ற குறியீடு. ஐரோப்பிய முறைப்படி எழுதப்பட்ட இந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஈ என்றால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட். சி என்றால் டிரையோடு, அதாவது மூன்று உறுப்புள்ள வால்வு. இரண்டு சி இருப்பதால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள். 8இல் தொடங்கும் எண் ஒன்பது கால்கள் கொண்ட சிறிய அடித்தளத்தைக் குறிக்கும். ஈஎல்84 என்று இருந்தால் பவர் வால்வு. ஈஎஃப்86 என்றால் மெல்லிய ஒலிக்கென்றே செய்த பென்டோடு, அதாவது ஐந்து உறுப்புள்ள வால்வு. பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடக்கும் பெட்டிகளில் எதைத் தூக்குவது, எதை விடுவது என்று இந்த எழுத்துகளே சொல்லிவிடும்.

மின்சாரம் கொடுத்தவுடன் எதுவும் கேட்காது. முதலில் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று தெரியும். கேத்தோடு என்ற மெல்லிய நிக்கல் குழலைச் சூடேற்றும் இழை அது. குழலின் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகளின் வெள்ளைப் பூச்சு. ஏறக்குறைய 750 டிகிரி செல்சியஸ் எட்டியதும் அந்தப் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் வெற்றிடத்துக்குள் கிளம்புகின்றன. சூடான பொருளிலிருந்து எலெக்ட்ரான்கள் எப்படி வெளியேறுகின்றன என்று விதி வகுத்த ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. சுற்றியிருக்கும் தகட்டில் நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் நேர்மின் அழுத்தம் இருப்பதால், கிளம்பிய எலெக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாய்கின்றன. தகட்டில் மோதும்போது அவற்றின் வேகம் நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு மில்லிஆம்பியர் ஓடுகிறது என்றால், நொடிக்கு 6,000 லட்சம் கோடி எலெக்ட்ரான்களுக்கும் மேல் அந்த விரல்நுனி வெற்றிடத்தைக் கடக்கின்றன.

கேத்தோடுக்கும் தகட்டுக்கும் நடுவே முடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கிரிட். ஃப்ளெமிங் 1904இல் செய்த இரண்டு உறுப்பு வால்வில் இது இல்லை. 1906இல் லீ டி ஃபாரெஸ்ட் மூன்றாவதாக இதைச் சேர்த்தார். ஏரியின் மதகுப் பலகையைக் கொஞ்சம் தூக்கினாலும் தாழ்த்தினாலும் மடையில் ஓடும் தண்ணீர் கூடிக் குறைவதுபோல, கிரிட்டின் மின் அழுத்தம் சிறிது மாறினாலே எலெக்ட்ரான் ஓட்டம் கூடிக் குறைகிறது. கிரிட்டை எப்போதும் ஒரு வோல்ட் அளவுக்கு எதிர்மின் அழுத்தத்தில் வைத்திருப்பதால், எதிர்மின் கொண்ட எலெக்ட்ரான்கள் அதில் ஒட்டாமல் இடுக்கு வழியாகத் தாண்டிப் போகின்றன. அதனால் கிரிட் கிட்டத்தட்ட மின்சாரமே எடுத்துக்கொள்வதில்லை. மைக்கிடமிருந்து எதையும் பறிக்காமல் அது சொல்வதை வால்வு கேட்டுக்கொள்கிறது. எனக்கு இந்தப் பெட்டியிலேயே மிகப் பெரிய வியப்பு இதுதான்.

மைக்கிடம் கொடுப்பதற்கு அதிகம் இல்லை என்பதையும் பார்க்கவேண்டும். மேடையில் எங்கும் காணக்கிடைக்கும் ஷூர் எஸ்எம்58 மைக்கை வாயருகே பிடித்து நன்றாகப் பாடினால், அதாவது 94 டெசிபல் ஒலியில், அதிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஓர் அடி தள்ளிச் சாதாரணமாகப் பேசினால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கம்ப்யூட்டரில் பதிவாக அதை ஏறத்தாழ ஒரு வோல்ட்டாக உயர்த்தவேண்டும். ஈசிசி83இன் ஒரு பாதி, தகட்டில் ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டருடன், சுமார் 60 மடங்கு உயர்த்தும். அது போதாது.

இங்கேதான் ஓர் உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்க்கிறோம். என் பெட்டியின் பழைய மைக் துளை, அக்காலத்து அதிகத் தடை மைக்குகளுக்கானது. இன்றைய மைக்கின் தடை 150 ஓம் அளவு. ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்தில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை நடுவே வைத்தால் வோல்ட் பத்து மடங்காகும். பத்தை அறுபதால் பெருக்க, அறுநூறு. பாடகரின் இரண்டு மில்லிவோல்ட் ஒரு வோல்ட்டை எட்டிவிடும்.

ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் உண்மையான மதிப்பு இரைச்சலில் தெரிகிறது. எந்தத் தடையும், சும்மா வைத்திருந்தாலும், அறை வெப்பத்தில் அதனுள் எலெக்ட்ரான்கள் அலைபாய்வதால் மெல்ல இரையும். 150 ஓம் மைக்கின் இரைச்சல், காதுக்குக் கேட்கும் அலைவரிசை முழுவதிலும் சேர்த்து, ஒரு வோல்ட்டில் பத்துக் கோடியில் இருபத்திரண்டு பங்கு. இயற்கை விதித்த அடித்தளம் அது. அதற்குக் கீழே யாராலும் போகமுடியாது. வால்வுக்கும் தன் இரைச்சல் உண்டு. அமைதிக்குப் பேர்போன ஈஎஃப்86க்கே அது சுமார் இரண்டு மைக்ரோவோல்ட், அதாவது மைக்கின் இரைச்சலைப்போல ஒன்பது பத்து மடங்கு. மைக்கை நேரே வால்வில் இணைத்தால் மெல்லிய குரல் வால்வின் இரைச்சலில் மூழ்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் குரலும் மைக்கின் சொந்த இரைச்சலும் சேர்ந்தே பத்து மடங்கு உயர்ந்து வால்வின் இரைச்சலுக்குச் சரிசமமாக வந்து நிற்கும். இரண்டு கம்பிச் சுருளும் ஓர் இரும்பு உள்ளகமும், வேறெந்த மின்சாரமும் இல்லாமல், அந்தப் பத்து மடங்கைக் கொடுத்துவிடுகின்றன. வால்வுக்காகப் பணம் செலவழிப்பதைவிட டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம் என்பேன்.

இன்னொரு நன்மையும் உண்டு. பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் மோட்டார்களும் வீட்டுக்கு வீடு இருக்கும் யுபிஎஸ் பெட்டிகளும் சூழ்ந்த இடத்தில் நீளமான மைக் கேபிள் ஹம் என்ற ரீங்கார இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். கேபிளின் இரண்டு கம்பிகளிலும் அது ஒரே மாதிரி ஏறுவதால், இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது கேட்பதே இல்லை.

வால்வு குரலுக்கு ஒரு சூட்டைக் கொடுக்கிறது என்ற பேச்சுக்கு வருவோம். அதில் பாதி மிகை. ஒரு வோல்ட் அளவில் வேலை செய்யும் ஈசிசி83 சேர்க்கும் திரிபு ஒரு சதவீதத்துக்கும் மிகக் கீழே. அதை அழுத்தி ஓட்டும்போதுதான் நிறம் தெரியும். அந்த நிறத்துக்குக் கணக்கு உண்டு. டிரையோடில் கிரிட்டின் அழுத்தத்துக்கும் எலெக்ட்ரான் ஓட்டத்துக்கும் உள்ள உறவைக் காட்டும் வளைகோடு இரு பக்கமும் சமச்சீராக இல்லாததால், அது முதன்மையாகச் சேர்ப்பது இரட்டிப்பு அதிர்வெண்ணை. ச பாடினால் அதோடு மேல் ஷட்ஜம் மெல்லச் சேர்கிறது. பின்பக்கத்து ஜோடி பவர் வால்வுகளோ எதிரெதிராக இழுப்பதால், இரட்டிப்பு ரத்தாகி மும்மடங்கு மிஞ்சும். அது மேல் ஸ்தாயியின் பஞ்சமம். கூவும் பாதிக்கும் கேட்கும் பாதிக்கும் நிறம் வேறு.

மேல் ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது நம் காதுக்குப் புதிதல்ல. தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அங்கே அசைவற்று நிற்கவேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியல் வகுத்த விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை தாராளமாக ஒலிக்கின்றன என்று சி.வி. ராமன் 1921இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். காரணம் குதிரையின் வளைந்த மேற்பரப்பும், தம்புராவில் தந்திக்கு அடியில் சொருகும் நூலும். தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கேட்கிறதே, அது ஐந்து மடங்கு அதிர்வெண். வால்வு பிரீஆம்ப்பைக் கேட்டு மனம் இளகுகிறவர்களுக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மாற்றும் வேலையில் பழைய கண்டென்சர்களை முதலில் தூக்கவேண்டும். மெழுகுக் காகிதக் கண்டென்சர் கசிந்தால் ஒரு வால்வின் உயர் மின் அழுத்தம் அடுத்த வால்வின் கிரிட்டுக்குப் போய்விடும். தகட்டு ரெசிஸ்டர் பழைய கார்பன் வகையானால் அதுவே இரையும். மெட்டல் ஃபிலிம் போட்டால் இரைச்சல் குறையும். சூடேற்றும் இழைக்கு ஏசி கொடுத்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம் உள்ளே நுழையும். அதை டிசி ஆக்கிக் கொடுப்பது நல்லது. வால்வின் மறுபாதியைக் கேத்தோடு ஃபாலோயராக, அதாவது வெளியீட்டைக் கேத்தோடிலிருந்து எடுக்கும்படி இணைத்தால் வெளியே போகும் ஒலி நீளமான ஒயரையும் தாங்கும். பேனா நுனியால் கண்ணாடியை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணிபோல ஒலித்தால் அந்த வால்வின் உள்ளுறுப்புகள் தளர்ந்துவிட்டன, மைக்குக்கு ஆகாது. கண்ணாடியின் உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு, மிஞ்சிய காற்றை உறிஞ்சப் பூசிய பேரியம். அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது.

உயிருக்கு ஆபத்தான விஷயங்களைத் தனியாகச் சொல்லவேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பெரிய கண்டென்சர்களில் 300 வோல்ட் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் சுழி காட்டிய பிறகே கை வைக்கவேண்டும். யூ என்று தொடங்கும் யூஎல்84, யூஒய்85 போன்ற வால்வுகள் உள்ள ரேடியோக்களை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை அவை. வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி நேரே சேசிஸில் இருக்கும். அந்தச் சேசிஸோடு சேர்ந்த மைக்கை உதட்டருகே பிடித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருப்பது வழக்கம், ஆனாலும் மூன்று கம்பி ஒயர் போட்டு எர்த்தைச் சேசிஸில் இறுக்கவேண்டும்.

வீட்டு மேசையில் வால்வை வைத்துக்கொண்டு குரலைப் பிடிப்பது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று 40 வாட் ஒலிபரப்பியில் பேசத் தொடங்கியது. மைசூரில் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி 1935இல் தன் வீட்டிலிருந்தே தொடங்கிய நிலையத்தின் பெயர் ஆகாசவாணி. அரசு வானொலி பின்னாளில் ஏற்றுக்கொண்ட பெயர் அதுதான்.

பிஇஎல் இப்போது ஈசிசி83 செய்வதில்லை. ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் அதே ஒன்பது கால்களோடு, அதே 6.3 வோல்ட்டில் புதிதாகச் செய்கிறார்கள். கிடார் ஆம்ப்ளிஃபயர்களால் அதற்குச் சந்தை இருக்கிறது. ஜாலஹள்ளி வால்வு என்றைக்காவது ஓய்ந்தால், தகரக் கூட்டைக் கழற்றி, பழையதை உருவி, புதியதை அதே துளைகளில் அழுத்தினால் போதும். ரெசிஸ்டர் ஒன்றைக்கூட மாற்றவேண்டாம்.