சுருள் முடி வளராதா? யார் சொன்னது!

'கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளி முடிஞ்சுக்கிறா' என்பார்கள். அந்தச் சீமாட்டிக்கு நேரான முடி என்றுதான் நாம் எல்லோரும் மனசுக்குள் நினைத்துக்கொள்கிறோம். பின்னல் இடுப்பைத் தொட வேண்டும், நுனியில் குஞ்சலம் ஆட வேண்டும், அப்போதுதான் அது கூந்தல்! கீழே தொங்காமல் கருமேகம் மாதிரி தலையைச் சுற்றி நிற்கிற கூந்தலும் உலகத்தில் உண்டு. அதற்கும் பக்குவம் உண்டு. அதுவும் வளரும்.

இதையெல்லாம் சொல்ல உனக்கு என்னம்மா தெரியும் என்கிறீர்களா? என் மருமகள் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டுப் பெண். அக்ரா நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். மகனும் அவளும் லண்டனில் குடியிருக்கிறார்கள். ஆறு வயதுப் பேத்திக்கு அப்படியே அம்மாவின் முடி. வருஷத்தில் மூன்று, நான்கு மாதம் மதுரையிலிருந்து போய் அவர்களோடு இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் வேறு வேலை கிடையாது. தாயும் மகளும் தலை குளித்து முடிக்கவே பொழுது சரியாக இருக்கும். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

வெளிநாட்டில் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்கள் இன்று நம் தெருவிலேயே இருக்கின்றன. அது போகட்டும், நம் ஊரிலேயே சுருட்டை முடிப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும்.

ஸ்பிரிங் ரகசியம்

பால்பாயிண்ட் பேனாவைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்குமே, அந்த மாதிரிச் சுருள் என் மருமகளுடைய முடி. நம்முடைய நேரான முடியைக் குறுக்கே வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். இந்த முடி தட்டையான நீள்வட்டமாக இருக்கும். தோலுக்கு அடியில் முடி முளைக்கிற பையே வளைந்திருப்பதால், முளைக்கும்போதே சுருண்டுகொண்டு வருகிறது.

இதிலிருந்து இரண்டு சங்கடங்கள். தலைத் தோலில் இயற்கையாக ஊறுகிற எண்ணெய், நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரைக்கும் இறங்கிவிடும். ஸ்பிரிங்கின் ஒவ்வொரு வளைவையும் சுற்றிக்கொண்டு அது இறங்க முடியாது. ஆகவே வேர் பக்கம் எண்ணெய் இருக்கும், நுனி காய்ந்து கிடக்கும். அடுத்தது, ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். காய்ந்த முடியில் சீப்பை விட்டு இழுத்தால் அந்த வளைவில்தான் படக்கென்று ஒடியும்.

வளர்கிறதா, ஒடிகிறதா?

"அப்பத்தா, என் முடி எப்ப கீழ விழும்?" என்று ஒரு நாள் பேத்தி கேட்டாள். முதலில் எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்குத் தோளில் விழுகிற மாதிரி தனக்கு எப்போது விழும் என்று கேட்கிறாள்! மருமகள் பதில் பேசாமல் தையல் டேப்பை எடுத்து வந்தாள். ஒரு சுருளை அப்படியே அளந்தாள்: 3 அங்குலம். அதையே மெதுவாக இழுத்துப் பிடித்து அளந்தாள்: 8 அங்குலம்! தோளுக்கு வந்துவிட்டது. பேத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நேரான முடி மாதத்துக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் வளர்கிறது என்றால், இந்த வகை முடி 8 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. வேகம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் வருஷத்துக்கு நாலு அங்குலத்துக்குக் கிட்டே வந்துவிடுமே! பிறகு ஏன் பல பேருக்கு வருஷக் கணக்கில் ஒரே அளவாக நிற்கிறது? வேரில் வளர்கிற அளவு நுனியில் ஒடிந்துபோகிறது. அதனால் இந்த முடியை வளர்க்க மருந்து தேடி அலைய வேண்டாம். ஒடியாமல் காப்பாற்றினால் போதும், வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைத் தலைக்குளியல்

இந்த முடிக்குத் தினமும் தலைக்குளியல் கூடாது. வாரத்துக்கு ஒரு முறையோ, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ போதும். மருமகள் செய்கிற முறை இது.

முதலில் தலையை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக முறுக்கி கிளிப் போடுகிறாள். குழந்தைக்கு இரண்டு, மூன்று டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை முடியில் தடவி அரை மணி ஊற வைக்கிறாள். நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் இவற்றோடு தேங்காய் எண்ணெயை ஒப்பிட்டு 2003-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, தேங்காய் எண்ணெய் மட்டுமே முடிக்குள் இறங்கி அதன் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று காட்டியது.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். சல்பேட் இல்லாத ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து தலைத் தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்க்கிறாள். முடிக்கு வழிந்து வருகிற நுரையே போதும். முடியை உச்சியில் குவித்து, துணி துவைக்கிற மாதிரி கசக்கினால் சிக்கு விழும். சீயக்காய்த் தூளின் சொரசொரப்பும் இந்தக் காய்ந்த முடிக்கு ஆகாது.

அடுத்ததுதான் முக்கியம். நாம் என்ன செய்வோம்? ஈரத் தலையைச் சீவாதே, காயட்டும் என்போம். நேரான முடிக்கு அது சரி. இந்த முடிக்கு நேர் எதிர்! காய்ந்தபின் சீப்பை எடுக்கவே கூடாது. ஈரமாக இருக்கும்போதே கை நிறையக் கண்டிஷனர் தடவி, வழவழ என்று ஆனதும் முதலில் விரலால் சிக்கைப் பிரிக்க வேண்டும். பிறகு அகலப் பல் சீப்பு. அதுவும் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். சிக்குக்கு மேலே முடியை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது, குழந்தையும் அழாது.

கண்டிஷனர் வாங்க வசதியில்லாதவர்கள் செம்பருத்தி இலையை ஊறவைத்துக் கசக்கிய வழவழப்பையோ, சோற்றுக் கற்றாழைச் சாற்றையோ, ஆளி விதையைக் கொதிக்க வைத்து வடிகட்டிய கூழையோ தடவிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றே: விரல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

இன்னொரு சங்கதி. எல்லோருக்குமே தினம் 50 முதல் 100 முடி உதிர்வது சகஜம். நமக்கு அது தலையணையிலும் சீப்பிலும் போய்விடும். சுருள் முடியில் உதிர்ந்த முடியும் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிடக்கும். வாரத்துக்கு ஒரு முறை சிக்கெடுத்தால் ஏழு நாள் முடியும் சேர்ந்து உருண்டையாகக் கையோடு வரும். "ஐயையோ, கொத்தாகக் கொட்டுகிறதே" என்று பயப்பட வேண்டாம். பிரசவமாகி மூன்று, நான்கு மாதத்தில் இதைவிட அதிகமாகவே உதிரும். அது எல்லாத் தாய்மாருக்கும் உள்ளதுதான். பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் டாக்டரிடம் காட்டி இரத்தசோகை, தைராய்டு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊறுகாய்க் கணக்கு

"எண்ணெய் தடவினால் ஈரப்பசை வந்துடாதா?" என்று மருமகளிடம் கேட்டேன். "எண்ணெய் ஈரம் தராது அத்தை. இருக்கிற ஈரத்தைப் போகாமப் பிடிச்சு வைக்கும்" என்றாள். எனக்கு உடனே நம் ஊறுகாய் ஜாடி ஞாபகம் வந்தது. மேலே எண்ணெய் நின்றால்தானே உள்ளே இருப்பது காயாமல், கெடாமல் இருக்கிறது? அதே கணக்குத்தான் இதுவும். காய்ந்த தலையில் எண்ணெயைக் கொட்டினால் பிசுபிசுக்குமே தவிர முடி மெதுவாகாது. முதலில் தண்ணீர், அதற்கு மேல் தலைக்கு வைக்கும் கிரீம், கடைசியில் எண்ணெயோ வெண்ணெயோ. இந்த வரிசை மாறக் கூடாது.

வெண்ணெய் என்றால் பால் வெண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள்! வடக்கு கானா, புர்க்கினா ஃபாசோ பக்கங்களில் வளரும் ஷியா மரத்துக் கொட்டையிலிருந்து எடுப்பது. கொட்டையைப் பொறுக்குவது, வேகவைத்துக் காயவைப்பது, இடித்து வறுத்து அரைப்பது, தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து கொழுப்பை மிதக்க விட்டு எடுப்பது எல்லாம் காலங்காலமாகப் பெண்கள் கைவேலை. லண்டனில் பெக்கம் பகுதியின் கடைகளில் டப்பாவில் விற்கிறார்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலே உருகிவிடும். கடலை அளவு போதும்.

தலையைத் துவட்ட முரட்டுத் துண்டு வேண்டாம். என் பழைய மல் வேட்டித் துணி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒற்றி எடுப்பதுதான் இப்போது அந்த வீட்டு வழக்கம். துவட்டிய பிறகு இரண்டு இழையாக முறுக்கியோ, தளர்வாகப் பின்னியோ விட்டுவிட்டால் வாரம் முழுவதும் சிக்கு விழாது. நடுவில் காய்ந்தால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் கண்டிஷனரும் கலந்து தூவிக்கொள்ளலாம். இராத்திரி பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், முடியை உரசும். அதனால் சாட்டின் குல்லாய் போட்டுப் படுக்கிறார்கள். நம் வீட்டுப் பழைய பட்டுப் பாவாடைத் துணியில் தைத்தாலும் ஆயிற்று!

பின்னலை இறுக்கிப் போட்டால் நீளமாக வளரும் என்பார்கள். இறுக்கம் வேரைத்தான் இழுக்கும். நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிந்து, நாளடைவில் வழுக்கையே விழலாம். பின்னும்போது குழந்தை 'வலிக்குது' என்றால் அவிழ்த்துப் போடுங்கள். சின்னச் சின்னப் பின்னல்களாகப் போட்டாலும் இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே விடக் கூடாது.

மொட்டையும் பார்லரும்

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு மதுரைக்கு வந்திருந்தார்கள். "மதினி, இன்னொரு மொட்டை போட்டுட்டா முடி நேரா வந்துடும்" என்றாள் என் நாத்தனார். குலதெய்வம் கோயிலில் முதல் மொட்டை போட்டு, சுருண்டே வளர்ந்த முடிதான் அது! கத்தி தோலுக்கு மேலேதானே போகிறது? உள்ளே இருக்கிற பையின் வளைவை அது என்ன செய்யும்? மொட்டை வேண்டுதலுக்கு, முடியின் வாகை மாற்றுவதற்கு அது உதவாது.

இன்னொருத்தி சொன்னாள்: "பார்லர்ல நேராக்கி விடுறாங்க. போட்டோவுக்கு நல்லா இருக்கும்." மருமகள் ஒன்றும் பேசவில்லை. குழந்தை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "வேண்டாம். அவ முடி அவளுக்கு அழகாத்தான் இருக்கு."

அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. சுருள் முடியை நிரந்தரமாக நேராக்கும் மருந்துகள் பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. தலைத் தோல் வெந்து புண்ணாவது உண்டு. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருஷம் கவனித்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளிவந்தது. முடியை நேராக்கும் மருந்தை உபயோகிக்காதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி உபயோகித்தவர்களில் 4.05 சதவீதம். மருந்துதான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஆறு வயதுக் குழந்தையின் தலையில் ஒரு போட்டோவுக்காக அதைத் தடவ எந்தத் தாய்க்கு மனசு வரும்?

மருமகள் படித்த காலத்தில் அவள் பள்ளியில் பெண்கள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டுதான் போக வேண்டுமாம். "பள்ளிப் படிப்பு முடிஞ்ச பிறகுதான் அத்தை, என் முடி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியும்" என்றாள். 2016-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பள்ளி மாணவிகளே தங்கள் இயற்கை முடிக்காகப் போராடினார்கள். 2022-ல் பிரிட்டனின் சமத்துவ ஆணையம், இப்படிப்பட்ட முடிக்காகப் பள்ளியில் பிள்ளைகளை ஒதுக்குவது சட்டத்துக்கு விரோதமாகலாம் என்று பள்ளிகளுக்கு எடுத்துச் சொன்னது. முடி விஷயம் அத்தனை பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கிறது!

அந்தக் கல்யாணத்தன்று மருமகள் மகளின் முடியை உச்சியில் பந்து மாதிரி தூக்கிக் கட்டினாள். நான் அதைச் சுற்றி இரண்டு முழம் மல்லிகை வைத்தேன். நேரான முடியில் நழுவுகிற பூ, இதில் சாயங்காலம் வரைக்கும் அசையவில்லை!

கடைசியாக ஒன்று. எண்ணெய், கிரீம், சீப்பு எல்லாம் கடையில் வாங்கிவிடலாம். "உங்கம்மா முடி வந்திருக்கக் கூடாதா", "சிக்குத் தலை", "பரட்டை" என்று குழந்தை காதுபட ஒரு சொல் சொல்லிவிட்டால், அதை எடுக்க எந்தக் கண்டிஷனரும் கிடையாது. சிக்கெடுக்கும்போது கை மெதுவாக இருந்தால் மட்டும் போதாது, வாயும் மெதுவாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு சுருட்டை முடிக்காரி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்காருங்கள்!