கூரையைப் பிடித்து வைப்பது எது?

புயல் வீசும்போது வீட்டுக் கூரை ஏன் பறக்கிறது? வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர், "காற்று மோதித் தள்ளிவிடுகிறது, சார்" என்கிறார்கள். நீங்களும் அப்படி நினைத்தால் முதலில் ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள்.

மூடியில்லாத ஓர் அட்டைப் பெட்டியை மேசைமேல் வையுங்கள். நகராதிருக்க உள்ளே ஒரு கல்லைப் போடுங்கள். பெட்டியின் வாயைத் தடித்த காகிதம் ஒன்றால், ஒட்டாமல், மூடுங்கள். மேசை விசிறியை ஒரு பக்கத்தில் வைத்துச் சுழல விடுங்கள். காகிதம் உள்ளே அமுங்குவதில்லை. முன் விளிம்பு படபடத்து மேலே எழுகிறது! இனி, விசிறியைப் பார்த்த பக்கத்தில் ஜன்னல் போல ஒரு துளை வெட்டுங்கள். இம்முறை விசிறியைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் காகிதம் பறந்துவிடும்.

காரணம் என்ன? சுவரில் மோதிய காற்று மேல்நோக்கித் திரும்புகிறது. கூரை விளிம்பைத் தாண்டும்போது அதனால் சட்டென்று வளைந்து கூரையை ஒட்டிச் செல்ல முடிவதில்லை, விலகிப் பாய்கிறது. கூரைக்கும் அந்தக் காற்றோட்டத்துக்கும் இடையே, சுழல்கள் நிறைந்த, அழுத்தம் குறைந்த பகுதி உண்டாகிறது. வீட்டுக்குள் அழுத்தம் அதைவிட அதிகம். ஆகவே கூரை கீழிருந்து மேலே தள்ளப்படுகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த விசை மிக அதிகம். காற்று வரும் பக்கத்தில் ஒரு கதவு உடைந்துவிட்டாலோ, உள்ளே புகுந்த காற்றும் கூரையைத் தூக்குவதில் சேர்ந்துகொள்கிறது.

1992 ஆகஸ்டு 24 விடியற்காலையில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆண்ட்ரூ என்ற ஹரிக்கேன் கரை கடந்தது. (அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், நம் வங்கக் கடலில் புயல். பெயர்தான் வேறு.) மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் வட்டாரத்தில் வீடு வீடாகக் கூரைகள் போயின. அங்கே மரச் சட்டங்களின் மேல் பிளைவுட் பலகைகளை ஆணியடித்துப் பரப்பி, அதன்மேல் ஓடோ தார்த் தகடோ வேய்வது வழக்கம். ஒரு பலகை 8 அடிக்கு 4 அடி. அதாவது ஏறத்தாழ 3 சதுர மீட்டர். எடை 20 கிலோ கிராம் அளவு.

இப்போது கணக்குப் போடுவோம். காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை வர்க்கமாக்கி, 0.6-ஆல் பெருக்குங்கள். (காற்றின் அடர்த்தி 1.2, அதில் பாதி இந்த 0.6.) சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது கிடைக்கும். வேகம் 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோ மீட்டர் என்றால் 1500 நியூட்டன். கூரையைத் தூக்கும் விசையும் சுமார் இதே அளவு என்று கொண்டால், ஒரு பலகையை 4500 நியூட்டன் தூக்குகிறது. ஏறக்குறைய 450 கிலோ கிராம் எடைக்குச் சமமான விசை! 20 கிலோ பலகை அதைத் தன் எடையால் எப்படித் தாங்கும்? தாங்குவது ஆணிதான். ஆண்ட்ரூவோ கரையைத் தொட்டபோது இதைவிட வேகமாக வீசியது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறவாதீர்கள்.

பிறகு வந்து பார்த்த பொறியாளர்கள் கண்டது என்ன தெரியுமா? பல ஆணிகள் பலகையைத் துளைத்திருந்தன. அடியிலிருந்த சட்டத்தில் இறங்கவேயில்லை. குறி தப்பியிருந்தன.

அங்கே ஹரிக்கேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதற்கு முன்பே கவனமுள்ள வீட்டுக்காரர் டார்ச் விளக்குடன் கூரைக்கு அடியிலுள்ள பரணில் ஏறிப் பார்க்கிறார். சட்டத்துக்குப் பக்கத்தில் ஆணி முனைகள் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தால் அவை எதையும் பிடிக்கவில்லை என்று பொருள். சட்டமும் சுவரும் சேருமிடத்தில் சட்டத்தின் தலையைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு பிணைத்திருக்கிறதா என்றும் பார்க்கிறார். பலகை, சட்டம், சுவர், அஸ்திவாரம் எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணி விட்டாலும் போயிற்று. இரு பக்கச் சரிவுக் கூரையின் முனையிலுள்ள முக்கோணச் சுவருக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுப்பதும், கார் அறையின் அகன்ற கதவைப் பலப்படுத்துவதும் அடுத்த வேலைகள். அழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லும் ஒரு யோசனை அங்கும் உலவியது. அது எவ்வளவு தவறு என்று உங்கள் அட்டைப் பெட்டியே சொல்லிவிட்டது.

நம் கடற்கரைக்கும் கணக்கு இதுவே. சென்னையில் கட்டடம் கட்டுவோர் கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகமும், இந்தியத் தர விதிப்படி, இதே 50 மீட்டர்தான். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது எத்தனையோ தகரக் கூரைகளும் ஓட்டுக் கூரைகளும் போயின. தகரத்தின் மேல் மணல் மூட்டை வைப்பது நம்மிடையே பழக்கம். மூட்டை 30 கிலோ இருக்கலாம். ஆனால் தூக்கும் விசையோ ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 150 கிலோ எடைக்குச் சமம்! நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் மாட்டுக் கொட்டகைத் தகரத்தின் மேல் அப்பா ஓர் அம்மிக்கல்லையே ஏற்றி வைத்தார். விடிந்து பார்த்தால் தகரம் பக்கத்து வயலில், அம்மி தொழுவத்துக்குள். நல்ல வேளையாக மாட்டை முன்னிரவே அவிழ்த்து விட்டிருந்தார்.

தகரத்தைச் சட்டத்தோடு பிடிப்பது கொக்கி போல்ட்டு. ஐப்பசி மழைக்கு முன் உங்கள் வீட்டிலோ பள்ளிக் கொட்டகையிலோ அண்ணாந்து பார்த்து அவற்றை எண்ணுங்கள். துருப்பிடித்தவை எத்தனை, வாஷர் இல்லாதவை எத்தனை என்று தனியே குறியுங்கள். ஓரத்து வரிசையையும் மூலைகளையும் முதலில் பாருங்கள். அங்கேதான் போல்ட்டு நெருக்கமாக இருக்க வேண்டும். சட்டம் சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கிறதா, கம்பியாலோ பட்டையாலோ கட்டப்பட்டிருக்கிறதா? குறிப்பை அப்பாவிடமோ தலைமை ஆசிரியரிடமோ கொடுங்கள். மேலே ஏறி முடுக்குவது தச்சரின் வேலை, அதுவும் காற்றில்லாத நாளில். கல்நார்த் தகடானால் அவர்கூடக் குறுக்கே பலகை போட்டுத்தான் கால் வைக்க வேண்டும். அது ஆள் எடை தாங்காமல் திடீரென்று உடையும்.