நிலவறையில் கிடக்கும் பழைய சைக்கிள்

எம்மைப் போன்ற தெற்காசிய வம்சாவளியினருக்கு நீரிழிவு மற்றவர்களை விட இளவயதிலும், அதிக பருமன் இல்லாத உடம்பிலும் வந்துவிடுகிறது என்பது வைத்தியர்கள் நன்கறிந்த விடயம். எண்பதுகளில் டென்மார்க் வந்து சேர்ந்த எம்மவர்கள் பலர் இன்று அறுபதை அண்மித்தவர்கள் அல்லது தாண்டியவர்கள். "இனி என்னத்தைச் சைக்கிள் ஓடுறது" என்பதே பலருடைய பேச்சு.

2016இல் வெளியான டெனிஷ் ஆய்வொன்று இதற்கு நல்ல பதில் தருகிறது. 50 முதல் 65 வயது வரையான ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோரைப் பல ஆண்டுகள் அவதானித்த ஆய்வு அது. வழமையாகச் சைக்கிள் ஓடியவர்களுக்கு நீரிழிவு குறைவாக வந்தது, இதில் வியப்பில்லை. ஆனால் அந்த வயதில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கும், ஓடாதவர்களை விட அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 20 வீதம் குறைவாகவே இருந்தது.

அப்படியானால் சைக்கிள் எங்கே? பல வீடுகளில் அது நிலவறையில் கிடக்கிறது. எஸ்.சி.ஓ., கில்டமோஸ் போன்ற பெயர் பொறித்த, வளைந்த ஹான்டில் கொண்ட பழைய றேசிங் சைக்கிள். ஓடினால் முதுகு நோகிறது, கை விறைக்கிறது, முழங்கால் கெஞ்சுகிறது. குறை எமது வயதில் மட்டும் இல்லை. அந்தச் சைக்கிளின் சில பாகங்களிலும் இருக்கிறது. ஊரில் அப்பாவின் ரலி சைக்கிள் மகனுக்கு வந்ததே, அதில் தேய்ந்தவற்றை ஒவ்வொன்றாகத்தானே மாற்றினோம். அதையே இங்கும் செய்யலாம். இரும்புச் சட்டகத்தில் வெடிப்போ ஆழமான துருவோ இல்லாவிட்டால் அது இன்னும் பல காலம் உழைக்கும். பாவித்த சைக்கிள் வாங்குவதாயின் சட்டகத்தில் அடித்திருக்கும் இலக்கத்தைப் பொலிசாரின் இணையத்தளத்தில் கொடுத்து, களவு போனதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு செலவழிக்கும் முதல் இடம் பிறேக். பழைய சைக்கிள்களில் றிம் பளபளக்கும் குறோம் பூசிய இரும்பாக இருக்கும். மழையில் நனைந்தால் அதில் பிறேக் கட்டை வழுக்கும். நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். டென்மார்க்கில் மழையில்லாத நாளைப் பார்த்து ஓட முடியுமா? புதிய கட்டைகளும் புதிய பிறேக் கம்பிகளும் அதிக விலையில்லை, அவற்றை உடனே மாற்றுங்கள். பின்னர் வசதிப்படும்போது அலுமினிய றிம் உள்ள சில்லுகளைப் போடுங்கள். வேறெந்த மாற்றத்தையும் விட இதுவே பெரியது என்பது எங்கள் கருத்து.

ரயர் வாங்கும்போது அதன் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். பழைய 27 அங்குலச் சில்லுக்கு 630 என்றும், இன்றைய 700 சீ சில்லுக்கு 622 என்றும் இருக்கும். ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. 27இலிருந்து 700க்கு மாறினால் றிம் 4 மில்லிமீற்றர் கீழிறங்கும். பிறேக் கட்டை அவ்வளவு தூரம் எட்டுமா என்று முதலில் அளக்க வேண்டும். இடமிருந்தால் 28 மில்லிமீற்றர் அகல ரயர் போடுங்கள். மெல்லிய ரயரை விடக் குறைந்த காற்றில் ஓடலாம், குலுக்கலும் குறையும்.

சீற்றின் உயரத்தைச் சரிசெய்யச் செலவே இல்லை. பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். ஹான்டில் தாழ்வாக இருந்தால் உயர்த்தலாம், ஆனால் தண்டில் குறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது.

அடுத்தது கியர். டென்மார்க்கின் அதியுயர்ந்த இடமே 171 மீற்றர்தான், மலை இல்லாத நாட்டில் கியர் எதற்கு என்று கேட்பவர்கள் யூலன்டின் மேற்குக் காற்றுக்கு எதிரே ஒருநாள் ஓடிப் பார்க்கட்டும்! பழைய றேசிங் சைக்கிள்கள் இளம் ஓட்டவீரர்களுக்காகச் செய்யப்பட்டவை. முன்னே சிறிய பற்சில்லில் 42 பல், பின்னே பெரியதில் 24 பல் என்பது வழமை. பின்னே 28 பல் உள்ள பிறீவீல் போட்டால் மிதிப்பது ஏறத்தாழ 14 வீதம் இலகுவாகும். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கியர் மாற்றும் பொறி 28 பல்லை ஏற்குமா என்று கடையில் கேளுங்கள். பிறீவீலையும் செயினையும் சேர்த்தே மாற்றவேண்டும். தேய்ந்த செயின் புதிய பல்லைத் தின்றுவிடும். 'கிளிக்' சத்தமில்லாத பழைய கியர் நெம்பை மாற்றத் தேவையில்லை, அது எத்தனை பல்லுக்கும் ஒத்துப்போகும்.

இதற்கு மேல் போவதை நாங்கள் ஊக்குவிக்கமாட்டோம். பழைய பின்சில்லின் அச்சு இடைவெளி பெரும்பாலும் 126 மில்லிமீற்றர், புதியவற்றுக்கு 130. இரும்புச் சட்டகத்தை விரிக்கலாம், ஆனால் அதைத் தெரிந்தவரே செய்யவேண்டும். அதன்பின் சில்லு, நெம்பு, பொறி என்று ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும். செலவு இன்னொரு சைக்கிளின் விலையைத் தொட்டுவிடும்.

இருட்டில் ஓடுவதாயின் முன்னே வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் 300 மீற்றர் தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்பது சட்டம். வேலைக்கு ஓடும் சைக்கிளுக்கு மணியும் தெறிப்பான்களும் அவசியம். றேசிங் சைக்கிள்களில் இவை பெரும்பாலும் இராது.

இன்சுலின் ஏற்றுபவர்களும் நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்களும் ஓடத் தொடங்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள். ஓடும்போது சீனி திடீரென இறங்கக்கூடும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். மாரியில் வீதிக்குப் போடும் உப்பு செயினை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும், ஆகவே வீடு வந்ததும் துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.