இன்ப வாவியும் இடிந்த அணையும்

ஓடும் நீரை மறித்துத் தேக்குதல் மனிதன் மிகப் பழைய காலத்திலேயே கற்ற வித்தைகளுள் ஒன்று. உழவுக்கும் குடிநீருக்கும் ஆலைகளை இயக்குதற்குமென அரசரும் ஊரவரும் அணைகள் அமைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேனாடுகளிற் செல்வம் பெருகியபோது, படகோட்டுதற்கும் தூண்டிலிடுதற்கும் கோடையைக் கழித்தற்குமெனத் தனியார் தமக்குரிய வாவிகளை ஆக்கிக்கொள்ளும் வழக்கமும் பெருகிற்று. அத்தகைய வாவி ஒருவர்க்குரிய நிலத்திற் கிடப்பது. அதன் இன்பமும் அவர்க்கே உரியது. ஆனால் அதனைத் தாங்கும் அணை உடையுமாயின் வெள்ளம் வேலியறியாது. பள்ளத்தில் வாழ்வோர் அனைவரையும் வாரிச் செல்லும். இன்பம் ஒருவர்க்கும் அபாயம் மற்றொருவர்க்குமாகப் பிரிந்து நிற்கும் இந்நிலையிலே, அணையைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பென்சில்வேனியா மாநிலத்தில் 1889ஆம் ஆண்டு உடைந்த சௌத் போர்க் அணையின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விளக்கமாக அமைகின்றது.

அவ்வணை முதலில் இன்பத்துக்காக எழுந்ததன்று. கால்வாய்ப் போக்குவரத்துக்குக் கோடையில் நீர் உதவுதற்பொருட்டு மாநில அரசாங்கம் 1838இல் அதனைக் கட்டத் தொடங்கிற்று. பணமுடையால் வேலை பல்லாண்டு தடைப்பட்டு 1853இலேயே முற்றுப்பெற்றது. அதற்குள் பிற்ஸ்பேர்க் நகர்வரை புகையிரதம் ஓடத் தொடங்கிவிட்டமையாற் கால்வாயின் மதிப்புக் குன்றிற்று. 1857இல் அரசாங்கம் கால்வாயையும் அணையையும் புகையிரதக் கம்பனிக்கு விற்றது. கம்பனிக்கோ அணை வேண்டாப் பொருள். எனவே அதனைப் பேணுவார் இலராயினர். 1862இல் அதன் ஒரு பகுதி உடைந்தது. வாவியில் நீர் குறைந்திருந்தமையால் அப்போது பெருந்தீங்கு நேரவில்லை. உடைந்த அணை உடைந்தவாறே கிடந்தது.

பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ளுதற்கு அணையின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். அது மண்ணணை, ஏறத்தாழ 72 அடி உயரமும் 900 அடிக்கு மேற்பட்ட நீளமும் உடையது. களிமண்ணைப் படைபடையாகப் பரப்பி இறுக்கி, முகப்பிலே கல் அடுக்கிக் கட்டப்பட்டது. நன்கு கட்டிய மண்ணணை நெடுங்காலம் நிலைக்க வல்லது. ஆயினும் அது பொறுக்கமாட்டாத ஒன்றுண்டு: நீர் அதன் முடிமேலாக வழிந்து பாய்தலாகாது. அவ்வாறு பாயுமாயின் வெளிச்சரிவின் மண் அரிபட்டு, அரிப்பு மேலேறி, சில மணி நேரத்துள் அணையே அறுபடும். இதனைத் தடுத்தற்கு இரு காவல்கள் உள. ஒன்று, மிகுநீர் தானே வழிந்தோடும் வான். மற்றையது, வேண்டும்போது திறந்து நீர்மட்டத்தை இறக்க உதவும் துருசு. வன்னிக் குளங்களை அறிந்தோர்க்கு இவை புதியனவல்ல. சௌத் போர்க் அணையின் வான் ஒரு பக்கத்துப் பாறையிலே ஏறத்தாழ 70 அடி அகலமாக வெட்டப்பட்டிருந்தது. அணையின் அடியிலே ஈரடி விட்டமுடைய ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் துருசாக உதவின. இவ்விரு காவலும் அடுத்தடுத்து வந்த உடைமையாளர் கையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன.

1875இல் ஜோன் றெய்லி என்பார் அணையை 2,500 டொலருக்கு வாங்கினார். அவர் காலத்திலே குழாய்கள் கழற்றப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. 1879இல் அதனை 2,000 டொலருக்கு வாங்கிய பெஞ்சமின் றவ், பிற்ஸ்பேர்க் நகரச் செல்வரைச் சேர்த்துச் சௌத் போர்க் மீன்பிடி வேட்டைக் கழகத்தை நிறுவினார். உருக்குத் தொழிலதிபர் அன்றூ காணகி, நிலக்கரி வணிகர் ஹென்றி கிளே பிறிக், வங்கியாளர் அன்றூ மெலன் முதலியோர் அதன் உறுப்பினர். உடைப்பை அடைத்து நீரைத் தேக்கியதும் ஏறக்குறைய இரண்டு மைல் நீளமான வாவியொன்று உருவாயிற்று. கரையிலே விருந்தினர் மாளிகையும் கோடை மனைகளும் எழுந்தன. நீரிலே நீராவிப் படகும் பாய்மரப் படகும் உலாவின.

அடைத்த முறையிலேயே தீங்கின் வித்து இருந்தது. அணைத்தொழிலில் வல்ல பொறியியலாளர் எவரும் அவ்வேலையை மேற்பார்க்கவில்லை. மண்ணோடு கல்லும் மரக்கிளையும் வைக்கோலும் இட்டு உடைப்பு நிரப்பப்பட்டது. கழற்றிய குழாய்களுக்குப் பதிலாக வேறு குழாய்கள் வைக்கப்படவில்லை; ஆதலின் நீர்மட்டத்தை இறக்குதற்கு வழியே இல்லாதொழிந்தது. அணைமுடியின்மேல் வண்டிகள் இடந்தந்து செல்லுதற்பொருட்டு முடி இரண்டு மூன்று அடி தாழ்த்தி அகலமாக்கப்பட்டது. விலைகொடுத்து வாங்கி வளர்த்த மீன்கள் தப்பாதிருக்க வானின் குறுக்கே கம்பி வலைகள் பொருத்தப்பட்டன. வண்டிக்காகவும் மீனுக்காகவும் செய்த இச்சிறு வசதிகள் ஒவ்வொன்றும் வானின் ஆற்றலைக் குறைத்தன என்பதை எண்ணுவார் அங்கு அரியராயினர்.

எனினும் எச்சரித்தோர் இல்லாமலில்லை. அணைக்கு 14 மைல் கீழே, ஈராறுகள் கூடுமிடத்திலே, ஜோன்ஸ்ரவுன் என்னும் இரும்புத்தொழில் நகரம் இருந்தது. சுற்றுப்புறத்தோடு ஏறத்தாழ 30,000 மக்கள் அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தனர். அங்குள்ள கெம்பிறியா இரும்புக் கம்பனியின் தலைவர் டானியல் மொறெல், 1880இலே ஜோன் புல்ற்றன் என்பாரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். வாவியை வடித்தற்குக் குழாயில்லை என்பதும் திருத்தம் செம்மையாகச் செய்யப்படவில்லை என்பதும் புல்ற்றன் கண்ட குறைகள். செலவிற் பங்கேற்கவும் மொறெல் முன்வந்தார். அணையால் எவர்க்கும் ஆபத்தில்லையென றவ் மறுமொழி விடுத்தார். மொறெல் 1885இலும் றவ் 1887இலும் இறந்தனர். கடிதங்கள் மாத்திரம் எஞ்சின. ஆண்டுதோறும் அணை உடையுமென வதந்தி எழுவதும் உடையாமற்போவதும் வழக்கமானமையால், ஊரவரும் அச்சம் தெளிந்தனர்.

1889 மே 30ஆந் திகதி இரவு அப்பகுதியிலே கடுமழை பெய்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை வாவியின் நீர் முடியை நோக்கி விரைந்து ஏறிற்று. கழகத் தலைவர் எலையஸ் அங்கர் ஆட்களைக் கூட்டி, முடியின்மேல் மண்ணிட்டு உயர்த்தவும், மறுபுறத்திலே புதிதாக ஒரு வான் வெட்டவும் முயன்றார். மிதந்துவந்த மரமும் குப்பையும் மீன்வலையில் அடைபட்டு வானை மறித்தன. ஜோன் பார்க் என்னும் இளம் பொறியியலாளர் குதிரையேறிக் கீழூருக்கு விரைந்து எச்சரித்தார். தந்திச் செய்திகளும் அனுப்பப்பட்டன. ஆயினும் பன்முறை பொய்த்த எச்சரிக்கையாதலின் அவற்றைப் பொருட்படுத்தியோர் சிலரே. பிற்பகல் மூன்று மணியளவில் அணை அறுந்தது. ஏறத்தாழ 2 கோடி தொன் நீர் பள்ளத்தாக்கில் இறங்கி, வழியிலுள்ள வீடுகளையும் மரங்களையும் புகையிரத வண்டிகளையும் உருட்டிக்கொண்டு, நான்கு மணி கடந்த சில நிமிடங்களில் ஜோன்ஸ்ரவுன் நகரை மோதிற்று. அடித்துவரப்பட்ட பொருள்கள் அங்குள்ள கற்பாலத்தில் மலைபோற் குவிந்து தீப்பற்றின. நீருக்குத் தப்பியோருட் பலர் நெருப்புக்கு இரையாயினர். இறந்தோர் தொகை 2,209 எனக் கணிக்கப்பட்டது. இவர்களுள் 700க்கு மேற்பட்டோர் இன்னாரென அடையாளங் காணப்படாமலே அடக்கஞ் செய்யப்பட்டனர்.

பொறுப்பு யாருடையது? அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் நியமித்த குழுவின் அறிக்கை 1891இலே வெளிவந்தது. பழைய அமைப்பிலேயே இருந்திருப்பினும் அத்தகைய மழைக்கு அணை தாங்கியிராது என்பது அதன் முடிபு. 2016இல் வெளியான நீரியல் ஆய்வொன்று இம்முடிபை மறுத்தது. முடியைத் தாழ்த்தியமையால் மிகுநீரை வெளியேற்றும் ஆற்றல் பெரிதும் குறைந்தது என்றும், முதலிற் கட்டியவாறே இருந்திருப்பின் நீர் முடிமேல் வழிந்திராது என்றும் அது கணித்துக் காட்டிற்று. வழக்குத் தொடுத்தோர் எவரும் கழகத்திடமிருந்து நட்டஈடு பெற்றிலர். உறுப்பினர் சிலர் நிவாரணத்துக்குப் பணம் உதவினர். காணகி நகருக்கு நூல்நிலையம் ஒன்றையும் கட்டிக்கொடுத்தார். ஆயின் கொடை வேறு, கடமை வேறு.

சட்டம் இவ்வினாவை நோக்கியவாறும் ஈண்டு அறியத்தக்கது. இங்கிலாந்திலே ஆலையுடைமையாளர் ஒருவரின் நீர்த்தேக்கத்து நீர் அயலாரின் நிலக்கரிச் சுரங்கத்துட் புகுந்தமைபற்றி எழுந்த றைலன்ட்ஸ் எதிர் பிளெச்சர் வழக்கிலே, 1868இல் பிரபுக்கள் சபை ஒரு விதியை உறுதிசெய்தது. இயல்புக்கு மாறாகத் தன் நிலத்திலே தீங்கு விளைக்கத்தக்க பொருளைத் திரட்டி வைப்பவன், அது வெளியேறி விளைக்கும் நட்டத்துக்குக் கவனயீனமின்றியும் பொறுப்பாவான் என்பதே அது. ஆயினும் 1876இல் முடிந்த நிக்கல்ஸ் எதிர் மாஸ்லன்ட் வழக்கிலே, தனியாரின் அலங்கார வாவிகள் பெருமழையால் உடைந்து பாலங்களை அழித்தபோது, அது தெய்வச் செயலென உடைமையாளர் விடுவிக்கப்பட்டார். 1917இலே ஸ்கொத்லாந்து வழக்கொன்றிற் பிரபுக்கள் சபை இதற்கு மாறான நோக்குடையதாயிற்று. கிறீனொக் நகரசபை ஓடையை மறித்துச் சிறுவர் விளையாட அமைத்த குளம் பெருமழையிற் பெருக்கெடுத்தது. ஓடையின் இயல்பான போக்கை மாற்றியவர், மழை மிகுதியெனக் கூறித் தப்ப முடியாதெனச் சபை தீர்த்தது. அமெரிக்காவிலோ, றைலன்ட்ஸ் விதியை முதலில் ஏற்க மறுத்த நீதிமன்றங்கள் பல, 1889க்குப் பின்னர் அதனைத் தழுவத் தொடங்கின. ஜோன்ஸ்ரவுன் பேரழிவே இம்மாற்றத்துக்கு ஒரு காரணமென வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர்.

இழந்தபின் ஈடு செய்தலினும் இழவாமற் காத்தல் சிறந்தது. வேல்ஸ் நாட்டு டொல்கறொக்கிலே 1925இல் அணையுடைந்து 16 பேர் மாண்டபின், பெருந்தேக்கங்களைத் தகுதிவாய்ந்த பொறியியலாளர் பரிசோதித்தல் வேண்டுமெனப் பிரித்தானியா 1930இலே சட்டமியற்றிற்று. அமெரிக்காவில் அணைச்சோதனைச் சட்டம் 1972இல் நிறைவேறிற்று. எனினும் தனியார் அணைகளின் சோதனை தாமதித்தது. ஜோர்ஜியா மாநிலத்திலே வேதக் கல்லூரியொன்றுக்கு உரித்தாயிருந்த கெலி பார்ன்ஸ் அணை, மின்னாக்கம் நின்றபின் உல்லாச வாவியைத் தாங்கி நின்றது. 40 அடியளவே உயரமுடைய அச்சிற்றணை 1977 நவம்பர் 6ஆந் திகதி அதிகாலையில் உடைந்து 39 உயிர்களைக் கொண்டது. அதன்பின்னரே அத்தகைய அணைகளைச் சோதிக்குமாறு குடியரசுத் தலைவர் காட்டர் பணித்தார். மிச்சிகன் மாநிலத்திலே தனியார்க்குரிய ஈடன்வில் அணையின் வான் போதிய அளவினதன்று என்னும் குறைபற்றி அதன் மின்னாக்க உரிமம் 2018இல் நீக்கப்பட்டது. 2020 மே 19ஆந் திகதி அவ்வணை, நீர் முடிமேல் வழியுமுன்னரே மண் வலுவிழந்து உடைந்தது. மக்கள் ஏறத்தாழ 10,000 பேர் முன்கூட்டியே அகற்றப்பட்டமையால் உயிரிழப்பு நேரவில்லை.

இன்று அமெரிக்காவில் உள்ள 90,000க்கு மேற்பட்ட அணைகளுட் பாதிக்கு மேற்பட்டவை தனியார்க்கு உரியன. அவற்றுட் பல சிறியன, தோற்றத்திற் சாதுவானவை. ஆயின் அணையின் அபாயத்தை அதன் உயரங்கொண்டு அளத்தல் போதாது. அதன் கீழே வாழ்வோர் தொகையையும் அதனைப் பேணுவோர் கருத்தையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். சௌத் போர்க் அணை நான்கு கைகள் மாறிற்று. விற்றவர் பொறுப்பைக் கழித்தனர். வாங்கியவர் இன்பத்தை மாத்திரம் வாங்கினர். அணை கைமாறும்போது, வானையும் துருசையும் காக்கும் கடமையும் உடன்மாறுதல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டுமென்பது பழமொழி. கோலிய அணையை வெள்ளந்தோறும் காத்தல் வேண்டுமென்பது ஜோன்ஸ்ரவுன் உலகுக்கு உணர்த்திய உண்மையாகும்.