எத்தனை இடம்? எந்தத் துறை?

சென்ற இதழில், பெருந்தோட்டங்களைத் துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடலின் கதையைப் பார்த்தோம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது கூட்டரசு அமைச்சராக இருந்தார். அப்படியிருந்தும் தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்க வேண்டியிருந்தது. நிலத்தின் மீதான அதிகாரம் கூட்டரசிடம் இல்லை, மாநிலத்திடம் இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம், மாநிலத்தின் அமைச்சரவையாக ஈப்போவில் கூடும் பேராக் ஆட்சிக்குழுவைப் பார்க்கிறோம். புதிய மந்திரி பெசார் பதவியேற்கும் ஒவ்வொரு முறையும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நமக்கு எத்தனை இடம்?" என்பது. எந்தத் துறை என்பதை அதற்கும் முன்னதாகக் கேட்க வேண்டும் என்பது என் வாதம்.

2008 மார்ச் தேர்தலில் பேராக்கின் 59 தொகுதிகளில் ஜ.செ.க. 18, கெஅடிலான் 7, பாஸ் 6 என 31 இடங்களை எதிரணி பிடித்தது. மந்திரி பெசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பது மாநில அரசமைப்பின் பொதுவிதி. ஆகவே மூன்றில் சிறிய கட்சியான பாஸின் முகமட் நிசார் ஜமாலுடின் பதவியேற்றார். அவரது ஆட்சிக்குழுவில் சுங்காய் சட்டமன்ற உறுப்பினர் அ. சிவநேசன் இடம்பெற்றார். 2009 பிப்ரவரியில் ஆளுங்கூட்டணியின் சட்டமன்ற உறுப்பினர்கள் மூவர் விலகியதில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. தேசிய முன்னணியின் சம்ரி அப்துல் காதிர் அமைத்த ஆட்சிக்குழுவில் நம்மவர் ஒருவரும் இல்லை, ம.இ.கா. பேராக்கில் ஒரு சட்டமன்றத் தொகுதியையும் வென்றிருக்கவில்லை. 2018இல் அகமட் பைசால் அசுமு மந்திரி பெசாராக வந்தார், சிவநேசன் ஆட்சிக்குழுவுக்குத் திரும்பினார். 2022 நவம்பரில் பக்காத்தான் 24, தேசிய முன்னணி 9 எனக் கைகோத்து அம்னோவின் சாரானி முகமட்டை மந்திரி பெசாராக்கியபோதும் ஆட்சிக்குழுவில் இடம்பெற்றவர் சிவநேசனே. 2008இல் மந்திரி பெசாராக இருந்த நிசார், இம்முறை சாரானியின் கீழ் அடிப்படை வசதித் துறையைக் கவனிக்கும் ஆட்சிக்குழு உறுப்பினராக வந்தார். கட்சிகள் இடம் மாறின, கொடிகள் மாறின. சிவநேசனுக்கு மூன்று முறையும் கிடைத்தவற்றில் மாறாமல் இருந்தவை சுகாதாரமும் மனிதவளமும்.

இந்த இரண்டையும் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். மருத்துவமும் சுகாதாரமும் கூட்டரசுப் பட்டியலில் இருக்கின்றன. தொழிலாளர் விவகாரமும் அங்கேதான். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் ஒரு மருத்துவரை நியமிக்கவோ மாற்றவோ மாநில ஆட்சிக்குழுவால் முடியாது; அது சுகாதார அமைச்சின் வேலை. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிப்பதும் புத்ராஜெயா. ஆக, மாநிலத்துக்கு அதிகாரம் குறைவாக உள்ள இரண்டு துறைகள், மாநிலத்தின் தயவு அதிகம் தேவைப்படும் ஒரு சமூகத்தின் பிரதிநிதியிடம் வந்து சேர்கின்றன. பொதுச் சுகாதாரமும் துப்புரவும் பொதுப் பட்டியலில் இருப்பதால் அந்தப் பொறுப்பு முழுக்க வெறுமையானது என்று சொல்ல மாட்டேன். சிவநேசனின் உழைப்பைக் குறை சொல்வதும் என் நோக்கமில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட கருவியைத்தான் கேள்வி கேட்கிறேன்.

பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் நம் மக்களின் தேவைகளை அடுக்கிப் பார்த்தால் எல்லாமே நிலத்தில்தான் வந்து முட்டும். தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறுபவருக்கு வீட்டுமனை வேண்டும். கம்பெனி நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிக்குச் சொந்த மனை வேண்டும். கோயிலுக்கும் மயானத்துக்கும் பட்டா வேண்டும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அரசு நிலத்தை வழங்கும் அதிகாரம் மாநில அதிகாரபீடத்துடையது. நடைமுறையில் அது ஆட்சிக்குழுவின் முடிவு. மனு மாவட்ட நில அலுவலகத்தில் பதிவாகும், இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார்கள், பிறகு ஆட்சிக்குழுவுக்குப் போகும். ஒப்புதல் கிடைத்தபின், கட்ட வேண்டிய தொகையைச் சொல்லும் 5ஏ படிவம் வரும். அதில் குறித்த தொகையைத் தவணைக்குள் கட்டாவிட்டால் ஒப்புதலே காலாவதியாகிவிடும். பள்ளி வாரியமோ கோயில் நிர்வாகமோ அந்தத் தொகையைப் புரட்ட முடியாமல் தடுமாறும்போது, பிரிமியத்தைக் குறைக்கவோ தவணையை நீட்டவோ சொல்லக்கூடிய ஒருவர் உள்ளே வேண்டும். மனம் வைத்தால் மாநிலத்தால் வேகமாகவும் நகர முடியும். நிசார் ஆட்சி ஓராண்டைக்கூட எட்டவில்லை, அதற்குள் புதுக்கிராமங்களிலும் திட்டமிட்ட கம்பங்களிலும் குடியிருப்போருக்கு நிரந்தரப் பட்டா தருவதாக அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் லயத்தில் இருப்பவர் கம்பெனி நிலத்தில் இருப்பவர். அப்படியொரு திட்டத்துக்குள் அவர் வர வழியே இல்லை.

ஆட்சிக்குழு கூட்டாக முடிவெடுக்கும் அமைப்பு, நிலக் கோப்பு எல்லோர் முன்னிலையிலும்தானே வருகிறது என்பார்கள். வருகிறது, உண்மை. ஆனால் எந்தக் கோப்பு இந்த மாதம் வரும், எது இன்னும் ஆய்வில் கிடக்கும் என்பதைத் துறையைக் கையில் வைத்திருப்பவர் அல்லவா தீர்மானிக்கிறார்? மேசைக்கு வராத கோப்பின் மீது ஒருவர் எப்படி வாதாடுவார்? இன்னொரு சமாதானம், நமக்குச் சபாநாயகர் பதவி தந்தார்களே என்பது. 2008இல் வி. சிவகுமார், 2009இல் ஆர். கணேசன், 2013 தேர்தலுக்குப் பின் தேவமணி, அடுத்துத் தங்கேஸ்வரி என்று நால்வர் அந்த நாற்காலியில் தொடர்ந்து அமர்ந்தார்கள். கௌரவமான பதவிதான். 2009 மே 7 அன்று சிவகுமாரை நாற்காலியோடு அவையிலிருந்து அப்புறப்படுத்தியதை நாடே பார்த்தது. ஆனால் சபாநாயகர் ஆட்சிக்குழுவில் உட்காருவதில்லை. ஓர் ஏக்கர் நிலத்தைக்கூட அவரால் ஒதுக்க முடியாது.

துறைகளை இன வாரியாகப் பங்கு போடச் சொல்கிறாயா என்ற கேள்விதான் இவற்றில் கனமானது. இல்லை. நிலத் துறையில் தமிழர்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. மலாய்க்காரரோ சீனரோ அந்தப் பொறுப்பில் இருந்து தோட்டத்துக் கோப்புகளை நகர்த்தினால் அவரே நம் பிரதிநிதி. நான் கேட்பது, இந்தியர் நலனை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த நலன் தீர்மானமாகும் மேசையை அவருக்கு எட்டாமல் வைக்காதீர்கள் என்பதுதான். தோட்ட வீடமைப்பு, தமிழ்ப்பள்ளி மனை, கோயில், மயானம் ஆகிய நான்கு வகைக் கோப்புகளுக்கு மட்டும் மந்திரி பெசார் தலைமையில் ஒரு நிலைக்குழு அமைத்து, இந்தியர் நலப் பொறுப்பாளரை அதில் துணைத் தலைவராக்கலாம். இதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, கூடுதல் இடமும் தேவையில்லை. மந்திரி பெசார் துறைகளைப் பிரிக்கும் நாளில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டிய நேரம் கூட்டணிப் பேச்சு நடக்கும் நாட்கள்தான். பதவிப் பிரமாணம் முடிந்த பிறகு அனுப்பும் மகஜர்களுக்கு அந்த வலு இருப்பதில்லை.